நைட் டியூட்டியும் நிர்வாகம்தான்!

எம்.பி.ஏ. என்றாலே பி.இ. முடித்து, ஐ.டி. கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவர்கள் எழுதும் பரீட்சை என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் 'கேட்' (CAT) தேர்வுக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. எந்தப் பட்டமானாலும் 50 சதவிகித மார்க் போதும்; எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. வயது வரம்பும் இல்லை. செவிலியர், நாடகக்காரர், கப்பலில் வேலை பார்ப்பவர் என்று யாரும் எழுதலாம்.

சிக்கல் அதற்கு அப்புறம். இரண்டு வருடப் படிப்புக்கு ஆள் எடுக்கும்போது பல ஐ.ஐ.எம்.கள் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கையும் கணக்கில் சேர்க்கின்றன. முப்பது வயதில் அதை என்ன செய்ய முடியும்? இவர்களுக்குச் சரியான வாசல், அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.களின் ஒரு வருடப் படிப்பு. நான்கைந்து வருட அனுபவம் கேட்பார்கள். 'ஜிமேட்' (GMAT) தேர்வு மதிப்பெண் செல்லும். ஒருமுறை வாங்கினால் 5 வருடத்துக்குச் செல்லுபடி. அனுபவத்தைச் சொல்ல விண்ணப்பத்தில் இடமும் உண்டு.

என் கவலையெல்லாம் அந்த இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான்.

ஒரு வார்டு சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலன்று ராத்திரி மூன்று பேர் லீவு. முப்பது படுக்கை, இரண்டு பேருக்கு ஆக்ஸிஜன். பக்கத்து வார்டில் கேட்டு ஒருவரைக் கடன் வாங்கி, அனுபவம் குறைந்த பெண்ணைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, டியூட்டி சார்ட்டை அடித்துத் திருத்தி, காலை ஏழு மணிக்கு வார்டை ஒப்படைக்கிறார். ஆள், நேரம், ஆபத்து மூன்றையும் ஒரே ராத்திரியில் சமாளித்திருக்கிறார். இதை அவர் அப்படியே எழுதினால் தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் திருத்துகிறவரின் கைக்குப் போனதும், 'மனிதவளத்தை உகந்த முறையில் பயன்படுத்தித் தலைமைப் பண்பை வெளிப்படுத்தினார்' என்று ஆகிவிடுகிறது. பொங்கலும் இல்லை, ஆக்ஸிஜனும் இல்லை. சாஃப்ட்வேர் டீம் லீடரும் இதே வரியைத்தான் எழுதுகிறார். வித்தியாசமான வேலை ஒன்றுதான் அந்த சிஸ்டரின் பலம். அதையும் காசு கொடுத்து அழித்துக்கொள்கிறார்! நேர்காணலில் இந்த வரியைப் பிடித்துக் கேள்வி கேட்டால், சொந்த அனுபவத்தையே இரவல் வார்த்தையில் சொல்லித் திணற வேண்டியிருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவும் இதே வேலையை ஓசியில் செய்து தருகிறது.

மொழி சரியில்லாவிட்டால் விண்ணப்பமே எடுபடாது என்பவர்களும் உண்டு. இலக்கணப் பிழையைத் திருத்த வேண்டாம் என்று யார் சொன்னது?

பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதைதான். எம்.பி.ஏ.வைப் பற்றி ஒன்றும் தெரியாத மேட்ரன் என்ன எழுதுவார் என்று பயந்து, இரண்டு தடவை மட்டுமே பார்த்த பெரிய அதிகாரியிடம் போய் நிற்கிறார்கள். அந்த ராத்திரியை அறிந்தவர் மேட்ரன்தான்.

விண்ணப்பிக்கப்போகும் தம்பி, தங்கைகளே, எழுதியதை முதலில் உங்களோடு ஷிப்ட் பார்த்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'ஆமாம், அன்னைக்கு இப்படித்தான் நடந்தது' என்று அவர் சொன்னால், அப்படியே அனுப்புங்கள்.