நோயறிவிக்கும் கடமை

பெருமழைக் காலத்தில் ஏரிக்கரையில் காவல் இருப்போர், கரையில் விரலளவு நீர்க்கசிவு கண்டாலும் உடனே ஊருக்குச் செய்தி அனுப்புவர். கசிவு பெரிதா சிறிதா என்று ஆராய்ந்து முடிவு கண்ட பின்னர்ச் சொல்லலாம் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. காத்திருந்தால், கேட்பதற்கு ஊர் இராது. தொற்றுநோய்களிலிருந்து மக்களைக் காக்கும் முறையும் இத்தகையதே. மருத்துவருக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் இடையே சென்று வரும் ஒரு சிறு செய்தியே அம்முறைக்கு உயிர்நாடி. அதனைப் பற்றி மாணவர்களாகிய உங்களுக்குச் சில கூற விழைகிறேன்.

இச்செய்தி இருவகைப்படும். நோய் ஒன்றைக் கண்ட மருத்துவர் அலுவலகத்துக்கு அனுப்புவது ஒன்று; இதனை நோயறிவிப்பு என்பர். அலுவலகம் அவ்வட்டாரத்து மருத்துவர் அனைவருக்கும் அனுப்புவது மற்றொன்று. இதனை எச்சரிக்கை மடல் என்போம். முன்னது இல்லையேல் பின்னது இல்லை.

மருத்துவர் நோயாளியை நேரே காண்கிறாரே, அவருக்கு அலுவலகம் என்ன சொல்லித் தர இயலும் என்று நீங்கள் வினவலாம். பொருத்தமான வினாவே. கீழைத் தெரு மருத்துவரிடம் காய்ச்சலும் சிவந்த தடிப்புமாக ஒரு குழந்தை வருகிறது. அதே வாரத்தில் மேலைத் தெரு மருத்துவரிடம் அவ்வாறே ஒரு குழந்தை. அரசு மருத்துவமனையில் மற்றொன்று. மூவரும் தனித்தனியே, ‘ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்’ என்றே எண்ணுவர். மூன்று செய்திகளும் ஒரே மேசையில் வந்து சேரும்போதுதான், ஊருக்குள் தட்டம்மை புகுந்துவிட்டது என்பது புலனாகும். என் ஆசிரியப் பணிக்காலத்தில் வருகைப் பதிவேடு இத்தகைய அறிவை எனக்கு அளித்ததுண்டு. வகுப்பாசிரியர் தம் வகுப்பில் வராத இருவரை மட்டுமே அறிவார். எல்லா வகுப்புகளின் பதிவேடுகளையும் ஒருங்கே காணும் தலைமையாசிரியரோ, பள்ளியில் காய்ச்சல் பரவுவதை அறிவார்.

இக்கடமையை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் சட்டமே வகுத்துள்ளது. அன்றைய சென்னை மாகாணத்தில் 1939 இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், அறிவிக்கத்தக்க நோய்கள் எனச் சிலவற்றைக் குறிப்பிட்டு, அவற்றைக் காணும் மருத்துவர் காலம் தாழ்த்தாது அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. 2004 இல் இந்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம சுகாதாரப் பணியாளர் தாம் கண்ட நோய்க்குறிகளை ஒன்றில் எழுதுவார். மருத்துவர் தாம் ஐயுறும் நோயின் பெயரை மற்றொன்றில் எழுதுவார். ஆய்வுக்கூடத்தார் தாம் உறுதி செய்த நோயை மூன்றாவதில் எழுதுவார். அறிகுறி, ஐயம், உறுதி என்னும் இம்மூன்று படிகளையும் நினைவில் வையுங்கள். உறுதி வரும் வரை வாய் திறவாதிருப்பது அறிவியல் அன்று. ஐயத்தை ஐயமென்றே கூறுவதும் அறிவியலே.

இனி, எச்சரிக்கை மடலில் என்ன இருக்கும் என்பதைக் காண்போம். தொண்டை அடைப்பான் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். தடுப்பூசி பரவிய பின்னர் இந்நோய் மிகவும் அருகிவிட்டது. அதனாலேயே ஒரு புதிய இடர் தோன்றிற்று. இன்றைய இளம் மருத்துவர் பலர் இதனைப் பாடநூலில் படித்திருப்பரேயன்றிக் கண்ணால் கண்டிலர். சாதாரணத் தொண்டை வலி போலத் தொடங்கும் இந்நோயை எளிதில் தவறவிடலாம். ஆகவே மடல் அவருக்கு நினைவூட்டுகிறது: தொண்டையில் சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அதனைச் சுரண்டினால் குருதி கசியும், கழுத்து வீங்கியிருக்கலாம். உயிர்க்கொல்லி மருந்து கொடுக்குமுன் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து அனுப்புங்கள். ஆனால் ஆய்வின் முடிவுக்காக எதிர்நஞ்சு மருந்தைத் தாமதிக்க வேண்டா. கிருமியின் நஞ்சு நெஞ்சப்பையைத் தாக்கிய பின்னர் அம்மருந்தால் பயன் குறைவு. நோயாளியோடு நெருங்கிப் பழகியோர்க்குத் தடுப்பு மருந்து கொடுத்து, அவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களா என்றும் விசாரியுங்கள். இத்தகைய மடல் ஒரு பக்கம் கொண்டதாகவே இருக்கலாம். எனினும் நோயைக் கண்டு பழகிய முதிய மருத்துவரின் கண்ணை அது இளைய மருத்துவருக்கு வழங்கிவிடுகிறது.

ஐயத்தின் பெருமையை விளக்க ஒரு வரலாறு கூறுகிறேன். 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், பேராம்பிரைப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் காய்ச்சலால் இறந்தார். சில நாட்களுக்குள் அவருடைய சகோதரரும் மூளைக்காய்ச்சல் குறிகளுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இவ்வாறு நேர்வது இயல்பன்று என்று அங்கிருந்த மருத்துவர்கள் ஐயுற்றனர். மாதிரிகளை உடனே ஆய்வுக்கு அனுப்பினர். அது பழந்தின்னி வௌவால்களிடம் காணப்படும் நிபா நச்சுயிரி என மணிப்பாலிலும் புனேயிலும் உள்ள ஆய்வுக்கூடங்கள் கண்டன. செய்தி மாநிலமெங்கும் சென்றது. நோயாளிகளோடு பழகியோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிக் கண்டு கண்காணித்தனர். ஆய்வில் உறுதிப்பட்ட நோயாளிகள் 18 பேர். அவர்களுள் 16 பேர் இறந்தனர். பலருக்கு நோய் தொற்றியது மருத்துவமனைகளிலேயே, அதுவும் நோயின் பெயர் தெரியாதிருந்த அந்தச் சில நாட்களில். முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியர் ஒருவரும் உயிர் நீத்தார்.

அடுத்த ஆண்டு, 2019 சூனில், எர்ணாகுளத்தில் மாணவர் ஒருவருக்கு அதே நோய் கண்டது. இம்முறை மருத்துவர்களின் சிந்தையில் நிபா என்னும் பெயர் விழித்திருந்தது. அம்மாணவர் பிழைத்தார், வேறெவருக்கும் நோய் பரவவில்லை. நிபாவுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இன்றும் இல்லை. அத்தகைய நோய்க்கு விழிப்பே தடுப்பூசியாக நிற்கிறது.

தடுப்பூசி உள்ள நோய்க்கும் இவ்விழிப்பு வேண்டும். இளம்பிள்ளைவாதத்தின் கதை இதற்குச் சான்று. 1995 இல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் இயக்கம் தொடங்கிற்று. 1997 முதல் ஒரு புதிய கண்காணிப்பு முறை அமைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கேனும் திடீரெனக் கை கால் தளர்ந்துபோனால், காரணம் எதுவாக இருப்பினும் மருத்துவர் அறிவிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் இரண்டு மல மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். ‘இது இளம்பிள்ளைவாதமாக இராது’ என்று மருத்துவரே விலக்கிவிட அனுமதி இல்லை. 2010 இல் இவ்வாறு ஆராயப்பட்ட குழந்தைகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களுள் இளம்பிள்ளைவாதம் கண்டவர் 42 பேர் மட்டுமே. வீண் உழைப்பு என்று தோன்றுகிறதா? அந்த 42 பேரைக் கண்டறிய வேறு வழி இல்லை. 2009 இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2010 இல் 42 ஆகி, 2011 சனவரியில் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றோடு நின்றது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா நற்சான்று பெற்றது.

இம்முறையில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு மருத்துவமனையில் அவ்வாரம் ஒரு நோயாளியும் இல்லையெனினும், ‘இல்லை’ என்றே எழுதி அனுப்ப வேண்டும். இலக்கம் ஒன்றும் எழுதாத வெற்றுத்தாளும் சுழி எழுதிய தாளும் ஒன்றல்ல என்று கணக்கு வகுப்பில் படித்திருப்பீர்கள். சுழி எழுதியவர் தேடிப் பார்த்திருக்கிறார். வெற்றுத்தாள் விட்டவர் பார்த்தாரோ இல்லையோ யாரறிவார்? எந்தச் செய்தியும் வாராத மாவட்டத்தை நலமுள்ள மாவட்டம் என்று சுகாதாரத் துறையினர் கருதுவதில்லை.

நோயை வெளியிட்டால் குடும்பத்துக்கும் ஊருக்கும் அவப்பெயர் வருமே என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை இகழ்தல் தகாது. நோயுற்ற வீட்டாரோடு பேச மறுத்ததையும், அவ்வீட்டுப் பிள்ளைகளை ஒதுக்கியதையும் நாம் கண்டதுண்டு. ஆகவே அறிவிப்பு அலுவலகத்துக்குரியது, தெருவுக்குரியதன்று. மருத்துவர்களுக்கு வரும் மடலில் வட்டாரம், வயது, நோய்க்குறி என்பனவே வேண்டப்படும். நோயாளியின் பெயர் வேண்டா. ஒதுக்கப்படுவோம் என்னும் அச்சம் நீங்கினாலன்றி எவரும் நோயை மறையாது சொல்லார். அவ்வச்சத்தை நீக்கும் பொறுப்பு மருத்துவரைவிட நம்மிடமே மிகுதி.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இசிவு நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஊசி போடுகின்றனர். பள்ளிக்குச் சுகாதாரப் பணியாளர் வரும் நாளில் அதனைத் தவறாது போட்டுக்கொள்ளுங்கள். உடன் பயில்வோர் பலர் ஒரே வகைக் காய்ச்சலில் விழுந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஊசியைப் பற்றி யாரோ அனுப்பிய வதந்தி கைப்பேசியில் வந்தால், அதனை மற்றவர்க்கு அனுப்புமுன் மருத்துவர் ஒருவரிடம் கேளுங்கள். உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக் களைத்திருக்கும் மாலையில், அறிவிப்புப் படிவம் ஒன்று நிரப்பப்படாமல் உங்கள் மேசைமேல் கிடக்கும். அதனை நிரப்பிவிட்டு எழுந்திருங்கள்.