வடக்கனந்தல் டூ புதுச்சேரி: ஒரு நாள், 2 மியூசியம், நம்ம மாவட்டச் சிலை ஒன்று!

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பிளான் என்றால் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று கோமுகி டேம், இல்லையென்றால் கல்வராயன் மலை அருவி. ஒரு மாறுதலுக்கு மலைக்கு முதுகைக் காட்டிவிட்டு, கடல் பக்கம் பஸ் ஏறினால் என்ன?

கள்ளக்குறிச்சியிலிருந்து புதுச்சேரி சுமார் 3 மணி நேரம். காலையில் கிளம்பினால், 2 மியூசியம், நல்ல சாப்பாடு, கடற்கரைக் காற்று எல்லாம் முடித்துவிட்டு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். அதோடு, நம்ம ஊர்க் கதை ஒன்றும் அங்கே காத்திருக்கிறது.

நம்ம மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?

புதிய கலெக்டர் ஆபீஸ் இட விவகாரத்தில் செய்தியில் அடிபட்ட வீரசோழபுரம் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊர் சிவன் கோயிலில் சுந்தரர் - பரவை நாச்சியார் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டம்தான்.

அந்தச் சிலை எப்படியோ கடல் தாண்டிப் போய், 1987-ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது. ஒரு பெரும் சேகரிப்பாளர் நன்கொடையாகக் கொடுத்த சுமார் 1,000 பொருட்களில் இதுவும் ஒன்று.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒரு பழைய போட்டோவால்! 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுக் கோயில்களில் இருந்த சிலைகளைப் போட்டோ எடுத்துப் பாதுகாத்து வந்தது. 1956-ல் வீரசோழபுரத்தில் எடுத்த படமும் அதில் இருந்தது. 2023-ல் அருங்காட்சியக ஆய்வாளர்கள் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். 2026 ஜனவரியில், இதையும் சேர்த்து 3 சிலைகளை இந்தியாவிடம் ஒப்படைப்பதாக அந்த அருங்காட்சியகம் அறிவித்தது. மூன்றில் ஒன்றான நடராஜர் மட்டும் நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சிக்கு இருக்கும்.

அந்தப் போட்டோ மட்டும் இல்லை என்றால், 'இது எங்க ஊர் சாமி' என்று நிரூபிக்க நம்மிடம் என்ன இருந்திருக்கும்?

காலை: எதைப் பார்க்கலாம்?

செயின்ட் லூயிஸ் தெருவில், பாரதி பூங்கா எதிரே புதுச்சேரி அருங்காட்சியகம். மேலே சொன்ன பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதே தெருவில்தான். ஆனால் அது ஆய்வாளர்களுக்கான இடம், டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை. வெளியிலிருந்து ஒரு பார்வை போதும்.

மியூசியத்தில் சோழர் கால வெண்கலச் சிலைகள், ஆள் வைத்துத் தள்ளும் பிரெஞ்சுக் கால 'புஸ் புஸ்' வண்டி எல்லாம் இருக்கின்றன. ஆனால் நின்று பார்க்க வேண்டியது அரிக்கமேடு பொருட்களை. மது, எண்ணெய் ஏற்றி வந்த ரோமானியச் ஜாடிகளின் துண்டுகள், இங்கேயே செய்த கண்ணாடி மணிகள்.

உடைந்த பானையில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது இத்தாலியில் செய்த சிவப்புப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவை செய்யப்பட்ட காலம் ஏற்கெனவே தெரியும். அதனால் அதே மண் அடுக்கில் கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு காலண்டர் மாதிரி ஆனது.

மியூசியம் போனாலே டயர்டாகுதே, ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. 1916-லேயே பெஞ்சமின் கில்மன் என்ற அமெரிக்கர் 'மியூசியம் களைப்பு' பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். குனிந்து, எக்கி, நெளிந்து பார்க்க வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள்தான் காரணம் என்று போட்டோ போட்டே காட்டினார். அதனால் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். பிடித்த 5 பொருள், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். அப்புறம் பாரதி பூங்கா நிழலில் உட்கார்ந்துவிடுங்கள்.

மதியம்: பாரதி வீடு

சாப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்து, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுக்கு நடக்கலாம். பாரதி வாழ்ந்த வீடு இப்போது நினைவு அருங்காட்சியகம். 1908 முதல் 1918 வரை பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாமல் அவர் இந்த ஊரில்தான் இருந்தார். பாஞ்சாலி சபதம், குயில் பாட்டு எல்லாம் புதுச்சேரியில் பிறந்தவை.

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. காந்தி சிலை பக்கம் நிம்மதியாக நடக்கலாம்.

கிளம்பும் முன்...

திங்கட்கிழமை வேண்டாம், மியூசியங்களுக்கு விடுமுறை. உள்ளே போனதும் ஒவ்வொரு சிலையின் கீழும் 'எந்த ஊர்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

அப்படியே அடுத்த திருவிழாவுக்கு, அனுமதி கேட்டு, உங்க ஊர் கோயில் உற்சவரைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து, ஊர்ப் பெயர், தேதியோடு சேமித்து வையுங்கள். 1956-ல் எடுத்த ஒரு கிளிக், 70 வருஷம் கழித்து வேலை செய்திருக்கிறதே!