கேமரன் மலையில் குட்டி ரேஞ்ச் ரோவர்: வாங்கலாமா, வேண்டாமா?

கேமரன் மலை: திரிங்காப், கம்போங் ராஜா பக்கம் விடியற்காலையில் நின்றால் முதலில் காதில் விழுவது பழைய லேண்ட் ரோவரின் இரைச்சல்தான். கதவு ஆடும், கண்ணாடி மங்கியிருக்கும். ஆனாலும் முட்டைக்கோசுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு, சேறும் சரளையுமான தோட்டப் பாதையில் அது தயங்காமல் ஏறும். நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து இந்த மலைக்குப் பழகிய வண்டி அது.

அதே நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பளபளப்பான சின்ன வண்டி ஒன்று இப்போது விடுமுறை நாள்களில் பிரிஞ்சாங் சாலையில் தென்படுகிறது. அதுதான் ரேஞ்ச் ரோவர் இவோக். தோட்டத்தில் பிறந்து, படித்து, நகரத்தில் நல்ல வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இதன் மீது ஒரு கண். "அடுத்த தீபாவளிக்கு இதில்தான் அப்பாவைப் பார்க்க வருவேன்" என்று ஓர் இளைஞர் அண்மையில் சொன்னார். "வாங்கலாமா?" என்றும் கேட்டார். அவரைப் போன்றவர்களுக்காகவே இந்த விளக்கம்.

பெயர் ஒன்று, பிறவி வேறு

முதல் லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் அறிமுகமானது. ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன் மேல் அலுமினிய உடல், பட்டை ஸ்பிரிங், தனியாக ஒரு தாழ் கியர் பெட்டி. இந்தத் தாழ் கியர்தான் சுமையோடு செங்குத்தான மேட்டில் நத்தை வேகத்தில் ஏறும் வலிமையைத் தருகிறது.

இவோக் 2011இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2008இல், லேண்ட் ரோவர் நிறுவனம் இந்தியாவின் டாடா மோட்டார்ஸ் கைக்கு மாறிவிட்டது. இரண்டாம் தலைமுறை இவோக் 2018 நவம்பரில் வெளியிடப்பட்டது. இதில் ஏணிச் சட்டம் கிடையாது. சாதாரண காரைப் போல உடலும் சட்டமும் ஒன்றாக இணைந்த அமைப்புதான். தாழ் கியர் பெட்டியும் இல்லை. அதற்குப் பதிலாக, சக்கரம் வழுக்குவதை உணர்ந்து விசையைப் பகிர்ந்து தரும் மின்னணுக் கட்டுப்பாடும், இறக்கத்தில் வேகத்தைத் தானே அடக்கும் வசதியும் உள்ளன.

எனவே பெயரைப் பார்த்து, தாத்தா காலத்து வண்டி செய்த வேலையை இதுவும் செய்யும் என்று நினைக்கக்கூடாது. இது நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஏற்ற கார். மழையில் நனைந்த பாதையிலும் ஓரளவு சமாளிக்கும், அவ்வளவுதான்.

மலையில் அதன் பலம்

குறை மட்டுமே சொன்னால் நியாயமாகாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத இயந்திரம் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பு குறைவு. முதல் தலைமுறை இவோக்கின் 2.0 லிட்டர் பெட்ரோல் டர்போ இயந்திரம் 240 குதிரைத்திறன் தந்தது. ரிங்லெட்டுக்கு மேலே லாரியை முந்தவேண்டிய இடத்தில் இந்தச் சக்தி கைகொடுக்கும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி ஈரச் சாலையில் பிடிப்போடு போகும். இரண்டாம் தலைமுறை இவோக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 21 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், தோட்டச் சாலையின் சின்னப் பள்ளங்களில் அடிவயிறு இடிக்காது. இருக்கை, ஒலி அமைப்பு, சத்தமில்லாத பயணம் ஆகியவற்றில் இதற்குக் குறை சொல்ல முடியாது.

மலையில் அதன் பலவீனம்

முதலாவது, அகலம். பழைய லேண்ட் ரோவர் சுமார் 1.68 மீட்டர். இவோக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.9 மீட்டர். ஏறக்குறைய ஒரு சாண் அதிகம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஒடுக்கமான பாதையில், எதிரே ஒரு வேன் வந்தால் அந்த ஒரு சாணின் அருமை புரியும். பின்கண்ணாடி சிறியது என்பதால், பின்னோக்கி நகர்த்தி வழிவிடுவதும் எளிதல்ல.

இரண்டாவது, டயர். அழகுக்காக 19, 20 அங்குலச் சக்கரங்களும் அவற்றுக்கேற்ற மெல்லிய டயர்களும் பொருத்தப்பட்ட வண்டிகளே அதிகம். சரளைக் கல்லில் டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால், ஒட்டுப்போடும் பசைப்புட்டி உதவாது. மாற்று டயர் இருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, பிரேக். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கவேண்டும். இவ்வகைக் கார்கள் 1.6 டன்னுக்கு மேல் எடையுள்ளவை. எப்போதும் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் கையால் தாழ்த்தி, இயந்திரத்தின் பிடியில் இறங்கப் பழகவேண்டும். லாரி ஓட்டும் நம் அண்ணன்மார்களுக்கு இது தெரிந்த பாடம். ஆட்டோ கியரில் பழகிய தம்பிகளுக்குத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நான்காவது, பட்டறை. லேண்ட் ரோவரைப் பிரித்துக் கோர்க்கும் கைதேர்ந்தவர்கள் மலையில் உண்டு. ஆனால் இவோக்கின் நோய் கணினியில்தான் தெரியும். கோளாறு வந்தால் சிம்பாங் பூலாய் வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இறங்கி ஈப்போவுக்கோ, அதையும் தாண்டிக் கோலாலம்பூருக்கோ போகவேண்டும். இழுவை லாரிச் செலவு தனி.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

புதிய இவோக் முழுமையாக இறக்குமதியாகும் வண்டி. இரண்டாம் தலைமுறை இங்கே 4 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட விலையில் வந்தது. அதனால் பெரும்பாலோர் தேடுவது பயன்படுத்திய கார் அல்லது பிரிட்டனிலிருந்து வந்த 'ரீகண்ட்' கார்.

அப்படி வாங்கும்போது:

- பராமரிப்புப் பதிவுகளைக் கேளுங்கள். ஓடிய தூரத்தை அவற்றோடு ஒப்பிடுங்கள்.
- பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். வண்டியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.
- காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது முடுக்கச் சொல்லுங்கள். சங்கிலி கிலுகிலுக்கும் சத்தம் கேட்டால் விலகிவிடுங்கள். டீசல் இயந்திரமாயின் இரட்டிப்புக் கவனம் தேவை.
- 2014ஆம் ஆண்டு மாடலிலிருந்து 9 வேகக் கியர் பெட்டி வந்தது. மெதுவான நெரிசலில் ஓட்டிப் பார்த்து, கியர் மாறும்போது உதறுகிறதா என்று கவனியுங்கள்.
- உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை மட்டும் நம்பவேண்டாம். அது சட்டம் கேட்கும் அடிப்படைச் சோதனை. இயந்திரத்தின் ஆயுளை அது சொல்லாது. சொந்தமாக ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

எடுத்துக்காட்டாக, காரின் விலை 150,000 வெள்ளி. 10 விழுக்காடு முன்பணம் போக, கடன் 135,000 வெள்ளி. நிலை வட்டி 3 விழுக்காடு, 9 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 36,450 வெள்ளி. மாதத் தவணை சுமார் 1,587 வெள்ளி.

நிலை வட்டி முறையில் இந்த 3 விழுக்காடு கடன் தொகை முழுவதற்கும் எல்லா ஆண்டும் போடப்படுகிறது. நீங்கள் கட்டக் கட்டக் குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால், உண்மையான வட்டி ஏறக்குறைய 5.5 விழுக்காடு. மேலும், கார் பழையதாக ஆக வங்கிகள் கடன் காலத்தைக் குறைப்பதும் வட்டியை ஏற்றுவதும் வழக்கம். அப்போது தவணை இன்னும் கூடும்.

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதாவது, தோட்டத்தில் ஒருவர் மாதம் முழுவதும் உழைத்து வாங்கும் அடிப்படைச் சம்பளத்துக்கு நெருக்கமான தொகை இந்தத் தவணையிலேயே போய்விடும். காப்புறுதி, டயர், பழுதுபார்ப்பு, பெட்ரோல் இதில் சேரவில்லை. 2.0 லிட்டர் எஸ்யூவிக்கு ஆண்டுச் சாலை வரி சுமார் 440 வெள்ளிதான். ஆகவே சாலை வரி குறைவு என்று விற்பனையாளர் சொன்னால், அது உண்மைதான். ஆனால் உங்களை அழுத்தப்போவது சாலை வரி அல்ல.

மாற்று வழி

மலை ஏறும் சுறுசுறுப்பும் சற்று உயர்ந்த இருக்கையும்தான் தேவை என்றால், புரோட்டோன் எக்ஸ்50 போன்ற 1.5 லிட்டர் டர்போ கார்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2020 அக்டோபரில் அறிமுகமானபோது அதன் விலை 79,200 முதல் 103,300 வெள்ளி வரை. முன்சக்கர இயக்கம்தான், ஆனால் தார்ச்சாலைக்கு அது போதும். பாகங்களுக்கு அலையவேண்டியதில்லை. சொகுசுதான் வேண்டும் என்போர், இதே பகாங் மாநிலத்தின் பெக்கானில் ஆலை வைத்திருக்கும் மெர்சிடிஸின் ஜிஎல்ஏ, வோல்வோ எக்ஸ்சி40 ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவற்றிலும் எது நான்கு சக்கர இயக்கம், எது முன்சக்கர இயக்கம் என்பதை மாடல்வாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்?

சொந்த வீடு இருக்கிறது, ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது, பழுது வந்தால் 10,000 வெள்ளியைக் கடன் வாங்காமல் எடுத்துவைக்க முடியும் என்றால் இவோக் வாங்குங்கள். உழைத்துச் சம்பாதித்தவருக்கு விரும்பிய காரில் வர உரிமை உண்டு. யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஆனால் அப்பாவும் அம்மாவும் இன்னும் தோட்ட வீட்டில் இருக்கிறார்கள் என்றால் சற்று யோசியுங்கள். அந்த வீடு பெரும்பாலும் வேலை இருக்கும் வரைதான். பணி ஓய்வு பெற்றதும் எங்கே போவது என்ற கேள்வி நம் குடும்பங்களில் புதிதல்ல. காருக்கான முன்பணம், ஒரு சின்ன வீட்டுக்கான முன்பணத்தின் பாதியாகவாவது இருக்கலாம்.

அந்த இளைஞரிடமும் இந்தக் கணக்கைக் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பாவுக்கு இன்னும் மூன்று வருடம்தான் வேலை இருக்கிறது" என்றார். இந்தத் தீபாவளிக்குப் பழைய மைவியிலேயே வரப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.