சர்வருடன் கைகுலுக்க இத்தனை நேரமா?

பிளஸ் 2 ரிசல்ட் வெளியாகும் காலை. கள்ளக்குறிச்சி நகரில் பிராட்பேண்ட் இணைப்புள்ள வீட்டில் ஒரு மாணவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம், சிக்னல் ஒரு கோடு மட்டும் தெரியும் இடத்தில் ஒரு மாணவி. இருவரும் ஒரே நேரத்தில் ரிசல்ட் தளத்தைத் திறக்கிறார்கள். மலையில் சிக்னல் மெதுவாக இருப்பதால் நகரில் உள்ளவருக்கும் மார்க் வரத் தாமதமாகுமா? சர்வர் புரோகிராமைச் சரியாக எழுதாவிட்டால், ஆகும். எப்படி என்று பார்ப்போம்.

கைகுலுக்கல் என்றால் என்ன?

தள முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று இருந்தால், நீங்கள் டைப் செய்யும் பதிவெண்ணும் பிறந்த தேதியும் இடையில் யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாற்றப்பட்டுச் செல்லும். இதற்கான முதல் வழிமுறையான எஸ்.எஸ்.எல்., 1995ல் நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதன் வாரிசுதான் 1999ல் வந்த டி.எல்.எஸ். இப்போதைய பதிப்பான டி.எல்.எஸ். 1.3, 2018ல் வெளியானது.

பக்கம் வருவதற்கு முன் பிரவுசரும் சர்வரும் சில தகவல்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். இதைத்தான் ஹேண்ட்ஷேக், அதாவது கைகுலுக்கல் என்கிறோம். பிரவுசர், தனக்குத் தெரிந்த சங்கேத முறைகளைச் சொல்லும். சர்வர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் அடையாள அட்டையான சான்றிதழை அனுப்பும். அந்தச் சான்றிதழ் தன்னுடையதுதான் என்பதைத் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் நிரூபிக்கும். பிறகு இருவரும் ஒரு பொதுச் சாவியை உருவாக்கிக்கொள்வார்கள். இவ்வளவும் முடிந்த பிறகே மார்க் பட்டியல் புறப்படும்.

வரிசை எங்கே நிற்கிறது?

டி.எல்.எஸ். 1.2ல் இதற்குத் தகவல் இரண்டு முறை போய் வர வேண்டும். ஒரு முறை போய் வர 1 விநாடி ஆகும் இடத்தில் கைகுலுக்கவே 2 விநாடி. சர்வர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கினால், இப்படி 1000 பேர் வரிசையில் இருக்கும்போது கடைசி ஆளுக்கு 2000 விநாடி, அதாவது 33 நிமிடத்துக்கு மேல். நடுவில் ஒருவரின் சிக்னல் அறுந்துபோனால்? அவருடைய பதிலுக்காகச் சர்வர் காத்துக்கொண்டே இருக்கும். வரிசை நகரவே நகராது.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவரே ஒவ்வொரு மனுவையும் வாங்கி முழுவதும் படித்துவிட்டுத்தான் அடுத்தவரை உள்ளே விடுவேன் என்றால் என்ன ஆகும்? வாசலில் இருப்பவர் ஆளை உள்ளே அனுப்ப வேண்டும். மனுவைப் பார்ப்பது உள்ளே உள்ள மேஜைகளின் வேலை.

சர்வரில் செய்ய வேண்டியவை

1. இணைப்பை ஏற்பது ஒரு வேலை, கைகுலுக்குவது வேறு வேலை. ஏற்ற உடனே அந்த இணைப்பைத் தனி திரெட்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

2. நேர வரம்பு வேண்டும். உதாரணமாக 10 விநாடிக்குள் கைகுலுக்கல் முடியாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். வரம்பு மிகக் குறைவாக இருந்தால் மலைக்கிராமத்துப் பிள்ளைகளே முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். எனவே பார்த்து வைக்க வேண்டும்.

3. டி.எல்.எஸ். 1.3ஐப் பயன்படுத்தலாம். ஒரு முறை போய் வந்தாலே போதும்.

ஒரே சர்வரில் 10,000 இணைப்புகளைச் சமாளிப்பது எப்படி என்று 1999ல் டான் கெகல் ஒரு கட்டுரையில் கேட்டார். ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வர் இதற்குக் கிடைத்த நல்ல விடைகளுள் ஒன்று. அது எந்த ஓர் இணைப்புக்காகவும் நின்று காத்திருப்பதில்லை. யாரிடமிருந்து தகவல் வந்திருக்கிறதோ அவரைக் கவனிக்கும்.

பைத்தான் பழகும் மாணவர்கள் கவனிக்க: கேட்கும் சாக்கெட்டையே எஸ்.எஸ்.எல். சாக்கெட்டாக மாற்றினால், அக்செப்ட் கட்டளைக்குள்ளேயே கைகுலுக்கலும் நடந்துவிடும். 'டூ ஹேண்ட்ஷேக் ஆன் கனெக்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கி, கைகுலுக்கலைத் தனி திரெட்டில் நடத்துங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பக்கம் வருவதற்குள் ரெஃப்ரெஷ் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பாதி முடிந்த கைகுலுக்கல் வீணாகி, முதலிலிருந்து தொடங்க நேரலாம்.

சான்றிதழ் பிழை என்று எச்சரிக்கை வந்தால் முதலில் கம்ப்யூட்டரின் தேதியைச் சரிபாருங்கள். மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்து தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால், நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அதை மீறி உள்ளே போய்ப் பதிவெண்ணையோ பாஸ்வேர்டையோ டைப் செய்யாதீர்கள். எதிரே கை நீட்டுவது யார் என்று பிரவுசருக்கே தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.