கடலை விட்டு நடந்தவர்கள்

ஏடு கிடையாது, எழுத்தாணி கிடையாது. முடிதரித்த மன்னனும் இல்லை. முரசறைந்து சேதி சொல்ல ஆளும் இல்லை. ஆயினும் ஒரு மக்கள் கூட்டம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல், தன் கடற்கரையிலே மீண்டும் குடியேற மறுத்தது! பாட்டன் சொல்லிப் பேரன் கேட்டு, அவன் சொல்லி அவன் பேரன் கேட்டு, அந்த அச்சம் வழிவழி வந்திருக்க வேண்டும்.

தென் அமெரிக்காவிலே, சிலி நாட்டின் வடகரை. அங்கே அடக்காமா பாலைவனம். உலகின் மிக வறண்ட நிலங்களிலே ஒன்று அது. மழை என்பது கேள்விப்படும் சங்கதி. அப்படிப்பட்ட மண்ணிலே மனிதன் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்தான் என்றால், வாழவைத்தது எது? கடல்! மீனும் சிப்பியும் கடற்சிங்கமும்தான் அவனுக்குச் சோறு. சோம்பேறியல்ல அவன். தால்டால் என்ற ஊருக்கருகே, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பே, கல்லையே சுத்தியலாகக் கொண்டு பாறையைக் குடைந்து செங்காவி வெட்டியெடுத்திருக்கிறான். இன்றைய சுரங்கத் தொழிலாளியின் முப்பாட்டன் என்றே அவனைச் சொல்லலாம், தோழர்களே!

ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கடலடியிலே, ஒரு நிலத்தட்டின் கீழே மற்றொன்று நுழையும் இடம் பிளந்தது. எவ்வளவு நீளம்? ஆயிரம் கிலோமீட்டர்! சென்னையிலிருந்து குமரி முனை வரை உள்ள தொலைவைவிட அதிகம். அதிர்ச்சியின் அளவு 9.5 இருக்கலாம் என்கின்றனர் ஆய்வாளர்கள். அலை இருபது மீட்டர் வரை எழும்பிற்று. பசிபிக் மாகடலைக் கடந்து, நியூசிலாந்துப் பக்கம் மோட்டார் கார் அளவுள்ள பாறைகளை உள்நாட்டுக்குள் வீசிற்று.

பாவம் பெருகிற்று, ஆண்டவன் சீறினான் என்று பேசுவோர் இன்றும் உளர். சிப்பி பொறுக்கி வயிறு வளர்த்தவன் செய்த பாவம்தான் என்னவோ!

சிலி நாட்டு அறிஞர் டியேகோ சலசாரும் அவருடைய கூட்டாளிகளும் 2022-இலே இதை 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழிலே வெளியிட்டனர். கடலிலே வாழும் உயிரினங்களின் எச்சம், புயல் எட்டாத மேட்டிலே கிடந்தது. அந்தப் படிவத்தின் அடியிலே மக்கள் கட்டிய கற்சுவர்கள். அவற்றிலே சில, கடலை நோக்கிச் சாய்ந்து கிடந்தன. ஏறி வந்த நீர் மட்டுமல்ல, இறங்கிப் போன நீரும் இழுத்துத் தள்ளியிருக்கிறது!

அந்த வட்டாரத்திலே அத்தனை நீளப் பிளவு ஏற்படாது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். 1960-இலே தென் சிலியிலே 9.5 அளவில் பூமி குலுங்கி, அலை ஹவாயிலும் ஜப்பானிலும்கூட உயிர் குடித்தபோதும், வடக்கு வேறு என்றே நினைத்தனர். எழுதிவைத்த வரலாறு அங்கே ஐந்நூறு ஆண்டுக்குட்பட்டது. மண் வைத்திருந்த கணக்கோ பழையது.

பிழைத்தவர் உள்நாட்டுக்கு நடந்தனர். பிணம் புதைக்கும் இடத்தைக்கூட மேட்டுக்கு மாற்றினர். இதைச் சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. கழனி உள்ளவன் கரையை விட்டால் கஞ்சி குடிப்பான். கடலே கழனி என்றிருந்தவன், பாலைவனத்திலே எதைத் தின்பான்? உயிருக்குப் பயந்து உணவை விட்டு விலகினான். அவன் விட்டுப்போன மணலுக்கு விலை பேச அன்று எவனும் வரவில்லை.

நம் கரையிலே, 2004 டிசம்பர் 26-இலே, நாகை மாவட்டத்திலே மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு அரசு ஆணை வந்தது: கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போனால் புது வீடு, பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போக மறுத்தால் கட்டாயமில்லை, உதவியும் இல்லை. உயிரைக் காக்கும் ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மீனவன் கேட்டான்: "வீடு அங்கே இருந்தால், வலையையும் கட்டுமரத்தையும் இங்கே யார் பார்ப்பது? நான் காலி செய்யும் மணலிலே நாளைக்கு எவன் வேலி போடுவான்?"