உங்களுக்குத் தெரியுமா? – தீக்காயமும் சிஸ்டர் போடும் கணக்கும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பெரிய தீக்காயம் என்றால் பெரும்பாலும் கொண்டுபோவது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான். ஜனங்கள் வாயில் அது கே.எம்.சி. அங்குள்ள தீக்காயப் பிரிவுக்கு மாநிலம் முழுக்கப் பெயர் உண்டு. தீபாவளி வந்தால் தனி வார்டே தயாராகிவிடும்.

★ வார்டு சிஸ்டர் முதலில் பார்ப்பது காயத்தை அல்ல, மூச்சை. குரல் கரகரக்கிறதா, மூக்கு முடி கருகியிருக்கிறதா, சளியில் கரி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தொண்டை உள்ளே வீங்கி மூச்சுக்குழல் அடைபடலாம். அடைபடும் முன்பே குழாய் போட்டாக வேண்டும்.

★ அடுத்த கேள்வி: "எத்தனை மணிக்குப் பட்டது?" விசாரணைக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பலர் மழுப்புகிறார்கள். உண்மையில் அது டிரிப்ஸ் கணக்கு. பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, ரத்த அழுத்தம் சரியும். அதை ஈடுகட்ட உடல் எடை, வெந்த சதவீதம் இரண்டையும் பெருக்கி, 4 மில்லியால் மறுபடி பெருக்குவார்கள். 60 கிலோ ஆளுக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 24 மணி நேரத்துக்கு 7,200 மில்லி. அதில் பாதி, அதாவது 3,600 மில்லி, முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் ஆரம்பிப்பது தீ பட்ட நிமிஷத்திலிருந்து. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அல்ல. மூன்று மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால் மிச்சம் ஐந்தே மணி. மணிக்கு 450 மில்லி போக வேண்டியது 720 ஆகிவிடும். நேரத்தை மாற்றிச் சொன்னால் கணக்கே தப்பிப் போகும்.

★ ஏற்றிய நீர் போதுமா என்பதைச் சொல்வது சிறுநீர்ப் பை. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு அரை மில்லி வீதம் மணிக்கு மணி இறங்குகிறதா என்று சிஸ்டர் குறித்துக்கொண்டே இருப்பார். 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி.

★ சதவீதத்தை எப்படி அளக்கிறார்கள்? பெரியவர்களுக்குத் தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18. திட்டுத் திட்டாகப் பட்டிருந்தால், விரல்களோடு சேர்த்து நோயாளியின் உள்ளங்கை 1. குழந்தைக்குத் தலை பெரிது. ஒரு வயதுக் குழந்தையின் தலை மட்டுமே 18 வரை வரும்.

★ வலிக்காத காயம் சின்னக் காயம் அல்ல. கொப்புளம் போட்டுத் துடிக்க வைக்கும் காயத்தில் நரம்பு நுனிகள் உயிரோடு இருக்கின்றன. வெளுத்து, தோல் தடித்து, தொட்டால் உணர்வே இல்லையென்றால் காயம் ஆழம் வரை இறங்கிவிட்டது.

★ ஆவடி தடத்து ரயில் மின்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். நின்றிருக்கும் கூட்ஸ் வண்டி மேல் செல்ஃபிக்காக ஏறுகிற பிள்ளைகள் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். கிட்டே போனாலே பாயும். வெளியே சின்னக் காயம்தான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். சிறுநீர் கறுத்து வந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. வார்டில் இதயத் துடிப்பையும் விடாமல் கண்காணிப்பார்கள்.

★ முலாம் பூசும் பட்டறைகளில் ஆசிட்டுக்குப் பயப்படும் அளவுக்குக் காஸ்டிக் சோடாவுக்கு யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டும். அது தோலைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். எது பட்டாலும் உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் வெகுநேரம் கழுவுங்கள். ஒன்றை முறிக்க இன்னொன்றை ஊற்றாதீர்கள்.

★ அடுப்படியில் பட்டாலும் குழாய்த் தண்ணீர்தான், 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, இங்க், காபித்தூள் எதுவும் வேண்டாம். காயத்தின் ஆழம் பார்க்க அத்தனையையும் சிஸ்டர் சுரண்டி எடுக்க வேண்டும், அந்த வலியும் நோயாளிக்குத்தான். வளையல், மோதிரம், மெட்டியை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு அவை விரலுக்கு ரத்தம் போகவிடாது.

★ கழுத்து வெந்தவருக்குத் தலையணை கொடுக்க மாட்டார்கள். இரக்கமில்லாமல் அல்ல. தாடை நெஞ்சோடு ஒட்டிச் சுருங்கிவிடக் கூடாது என்பதற்காக. நோயாளிக்கு எந்த நிலை சுகமோ, அந்த நிலையிலேயே தோல் இறுகிவிடும். அதனால்தான் விரலை நீட்டு, கையைத் தூக்கு என்று சிஸ்டர்கள் நாள் முழுக்கக் கெஞ்சுகிறார்கள். அவர்கள் காப்பாற்றுவது அந்தக் கையின் வேலையை.

★ வீட்டுக்கு வந்த பிறகும் அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும். கூலி போகிறதே என்று பிசியோதெரபி தேதியை விடுகிறவர்கள் பலர். வேலையிடத்தில் பட்ட காயமென்றால், இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளிக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அம்பத்தூர் எஸ்டேட் முதலாளிமார்களே, விபத்து அறிக்கையை உடனே அனுப்புங்கள். சிகிச்சைக்குப் போகும் நாளில் ஆளை வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.