பைத்தானில் ஆல், எனி: காலிப் பட்டியலில் கவனம்!

பைத்தான் கற்கத் தொடங்கியுள்ள வாசகர்களுக்கு இந்த மாதம் இரண்டு சிறிய பங்ஷன்கள். ஒன்று 'ஆல்', ஏ, எல், எல் எனச் சிறிய எழுத்தில் டைப் செய்ய வேண்டும். மற்றொன்று 'எனி', ஏ, என், ஒய். 2006ல் வந்த பைத்தான் 2.5 பதிப்பில் சேர்க்கப்பட்ட இவற்றை இம்போர்ட் செய்யத் தேவையில்லை.

பட்டியலில் உள்ள எல்லாமே உண்மையா எனப் பார்ப்பது ஆல். ஒன்றாவது உண்மையா எனப் பார்ப்பது எனி. விடை ட்ரூ அல்லது ஃபால்ஸ்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் நீர்மட்டம் அடிக்கணக்கில் [12, 0, 7, 9] என வைத்துக் கொள்வோம். பைத்தானுக்கு 0 என்றால் பொய். மற்ற எண்கள் உண்மை. எனவே ஆல் தரும் விடை ஃபால்ஸ். இரண்டாவதாக உள்ள 0வைக் கண்டதும் அது நின்றுவிடும், மீதியைப் பார்க்காது. எனி முதல் எண்ணான 12ஐப் பார்த்ததுமே ட்ரூ என்றுவிடும். நான்கும் 0 என்றால் எனியும் ஃபால்ஸ். 2019 ஜூனில் சென்னை ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தது!

மேற்கோள் குறிக்குள் '0' என்று தந்தால் அது டெக்ஸ்ட். காலியாக இல்லாததால் உண்மையாகிவிடும். பைத்தான் 3ல் இன்புட் மூலம் பெறும் எண்ணும் டெக்ஸ்டாகவே வரும். 'இன்ட்' கொண்டு மாற்றிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். காலிப் பட்டியலைத் தந்தால் ஆல் ட்ரூ என்கிறது. எனி ஃபால்ஸ் என்கிறது. இது பிழையல்ல. ஆல் ஒரு பொய்யைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. எனி ஒரு உண்மையைத் தேடுகிறது, அதுவும் கிடைக்கவில்லை.

இதனால் என்ன ஆபத்து? செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பரில் அதன் உபரிநீர் திறக்கப்பட்டு அடையாற்றில் வெள்ளம் வந்தது, கோட்டூர்புரம்வாசிகளுக்கு மறக்காது. ஒவ்வொரு மணி நேர அளவும் 22 அடியைத் தாண்டியதா என ஒப்பிட்டு, விடைகளை எனியிடம் தந்து எச்சரிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதுகிறீர்கள். மழையில் இணைப்பு அறுந்து ஒரு அளவும் வரவில்லை. பட்டியல் காலி; விடை ஃபால்ஸ். திரையில் 'அபாயம் இல்லை' என வரும்!

எனவே முதலில் 'லென்' மூலம் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். 0 என்றால் 'தகவல் வரவில்லை' எனக் காட்டச் செய்யுங்கள். அதன் பிறகே எனியை அழைக்க வேண்டும். தகவல் இல்லை என்பதும் அபாயம் இல்லை என்பதும் ஒன்றல்லவே!